ஏலக்காய் டப்பாவில் நாற்பத்து மூன்று குப்பிகள்

என் தங்கை இராமலட்சுமி எங்கள் அம்மாவோடு மூன்று வருஷம் இரண்டு மாதம் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு பேசவில்லை. அம்மா செய்த ஒரு காரியம்தான் காரணம் என்று இலத்தூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அதில் முதல் பாதியைச் செய்தவள் நான் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் கதையில் பழி இலத்தூரில் இருந்தது, பாவம் தென்காசியில் இருந்தது.

என் பெயர் ஸ்ரீமதி. தென்காசியில் ஒரு அரசாங்க ஆபீஸில் வேலை. வருகிறவர்களிடம் "அசல் எங்கே? நகல் செல்லாது" என்று சொல்லிச் சொல்லி என் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டிலும் என் வாய் கொஞ்சம் நீளம்தான். தங்கைக்கு வாயே கிடையாது. அவளுக்குச் சேர வேண்டியதையும் ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான் என்று அப்பா வல்லிநாயகம் சொல்லுவார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இராமலட்சுமி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இறந்துபோனார். நான் அதற்கு முன்பே கல்யாணம் ஆகித் தென்காசிக்கு வந்துவிட்டேன். இலத்தூர் வீட்டில் அம்மா உலகம்மாளும் அவளும் மட்டும்.

சுத்த சைவ வீடு. கேக் வாங்கினால் முட்டை போடாததுதானா என்று மூன்று தரம் கேட்ட பிறகுதான் நடை தாண்டி உள்ளே வரும். அந்த வீட்டில் பிறந்தவள் விலங்கியல் படித்து, அதிலும் பூச்சியில் போய் விழுந்தாள். எம்.எஸ்ஸி. முடித்து ஒரு காலேஜில் கௌரவ விரிவுரையாளர் ஆனாள். அந்த வேலையில் கௌரவம் மட்டும்தான் நிரந்தரம். அதோடு டாக்டர் பட்டத்துக்கும் பதிந்துகொண்டாள். குற்றால மலையடிவாரத்து நாவாய்ப்பூச்சிகளை இனம் பிரித்து எழுதுவது அவள் ஆராய்ச்சி.

நாவாய்ப்பூச்சி என்றால் பலருக்குத் தெரியாது. மூட்டைப்பூச்சி என்றால் தெரியும். அதுவும் நாவாய்ப்பூச்சிதான். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி மாதிரி ஒரு குழல். குத்தி உறிஞ்சுவதுதான் பிழைப்பு. அந்தப் பெரிய கூட்டத்தில் செடி கொடிகளை அண்டி வாழ்கிற ஒரு குடும்பம் உண்டு. மிரிட் என்பாள். பதினோராயிரம் இனத்துக்கு மேல் பெயர் வைத்தாகிவிட்டது, இன்னும் பெயர் வைக்காதது எவ்வளவோ கிடக்கிறது என்பாள். வயலில் நெல்லைக் கருக்குகிற புகையான் பூச்சியின் முட்டையை உறிஞ்சித் தின்று விவசாயிக்கு உதவுகிறதும் அந்தக் குடும்பத்தில்தான். முந்திரிக் கொழுந்தைக் கருக்கி அவன் வயிற்றில் அடிக்கிறதும் அதே குடும்பத்தில்தான். ஒரு குடும்பத்தில் எல்லாரும் நல்லவர்களாக இருந்துவிடுவார்களா என்ன?

ஆனி, ஆடியில் சாரல் விழுகிறபோது ஊரெல்லாம் குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வரும். என் தங்கை ஒரு வெள்ளைக் குடையோடு போவாள். குடையைத் தலைகீழாக விரித்து மரக்கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, மேலே கம்பால் தட்டுவாள். தலையில் சாரல் கொட்டும், குடைக்குள் பூச்சி கொட்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, குடையை நேராப் பிடிக்கக்கூடத் தெரியாதா?" என்று கேட்டாராம். இவள் ஒரு ரப்பர்க் குழாயை வாயில் வைத்துப் பூச்சியை உறிஞ்சிக் குப்பிக்குள் இழுத்திருக்கிறாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பூச்சிகள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எள்ளளவு, மிஞ்சினால் நெல்மணி அளவு. தொட்டால் கால் கழன்றுவிடும். மேல் இறக்கையின் நுனிப்பக்கம் ஒரு சின்ன முக்கோணத் துண்டு சரிந்து நிற்கும். தலையில் வேறு நாவாய்ப்பூச்சிகளுக்கு இருக்கிற சின்னக் கண் பொட்டுகள் பெரும்பாலும் இருக்காது. இந்த இரண்டையும் பார்த்தால் குடும்பம் இன்னது என்று தெரிந்துவிடுமாம். ஆள் இன்னார் என்று தெரிய ஆண் பூச்சி வேண்டும். அதன் வயிற்று நுனியைக் கழற்றிக் காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருக்கிற உறுப்பை ஊசிமுனையால் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு கொக்கிகள் உண்டு. இடது ஒரு விதம், வலது ஒரு விதம். வெளியே அச்சாக ஒன்றுபோல் இருக்கிற இரண்டு பூச்சி வேறு வேறு இனம் என்பதை அந்த இடது கொக்கியின் வளைவு சொல்லிவிடும். பார்த்து முடித்ததும் அந்தத் துணுக்கைக் கிளிசரின் விட்ட ஒரு கண்ணாடிக் குப்பியில் போடுவாள். சுண்டுவிரல் நகம் அளவுக் குப்பி. பூச்சியை ஒரு முக்கோண அட்டைத் துண்டின் முனையில் ஒட்டிக் குத்தி வைத்திருக்கிற அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே அந்தக் குப்பியையும் கோத்துவிடுவாள். எந்தக் குப்பி எந்தப் பூச்சியுடையது என்பதற்கு அந்த ஊசிதான் ஆதாரம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தால் என்று எழுத வருகிறது. தெரிந்துகொள்ள அவள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும். நான் உட்காரவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம், கொரோனாவில் காலேஜ் மூடிக் கிடந்தது. அனுமதி வாங்கி ஒரு பழைய நுண்ணோக்கியையும் பூச்சிப் பெட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அருவியில் குளிக்கத் தடை. ஐந்தருவிச் சாலையில் குரங்குகளும் இவளும்தான். அங்கே ஒரு குமிழ மரத்தைத் தட்டியதில் பதினேழு பூச்சி விழுந்தது. ஏற்கெனவே பெயருள்ள இனம் என்று நினைத்துத்தான் பிரிக்க ஆரம்பித்தாள். நான்கு ஆண் பூச்சிகளில் மட்டும் இடது கொக்கி எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாதிரி வளைந்திருந்தது. அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர், போனில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, இது புதிதாகத்தான் இருக்க வேண்டும், காலேஜ் திறந்ததும் நல்ல கருவியில் படம் எடுத்து அனுப்பு என்றாராம்.

அன்றைக்கு நான் இலத்தூரில் இருந்தேன். வாயில்லாதவள் அன்று அரை மணி நேரம் பேசினாள்.

"அப்போ பேரு நீதான் வைக்கணுமாட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"உங்க அப்பா பேரை வையேன். வல்லிநாயகம்னு."

"வைக்கலாம்மா. லத்தீன் முறையில கடைசியில ஒரு எழுத்து சேக்கணும், அவ்வளவுதான்."

பூச்சியைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்துகிற அம்மா, எழுந்து போய் அந்தப் பெட்டியைத் திறந்து அந்த நாலு பூச்சியையும் பார்த்துவிட்டு வந்தாள். "மூக்கு மட்டும் அவரை மாதிரி இருக்கு" என்றாள். நாங்கள் மூவரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆவணியில் ஒரு வரன் வந்தது. தங்கைக்கு அப்போது முப்பத்திரண்டு. நான்தான் அலைந்து பிடித்தேன். திருநெல்வேலிக்காரர்கள். பையனின் அக்கா பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். "பொண்ணு பூச்சியெல்லாம் சேத்து வச்சிருக்காங்களாமே, அதையும் பாக்கணும்" என்று போனில் ஆசையாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இலத்தூருக்குப் போனேன். இராமலட்சுமி தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தாள். காட்ட வேண்டிய பெட்டிகளைத் தூசி தட்டலாம் என்று திறந்தேன். ஊசிக்கு ஊசி ஒரு குப்பி தொங்குகிறது. குப்பிக்கு மேல் ஒரு துண்டுச் சீட்டு. பொடி எழுத்தில் இங்கிலீஷில் 'ஆண் உறுப்பு' என்று எழுதியிருக்கிறாள். ஒன்றில் இல்லை, நாற்பத்து மூன்றில்.

பையனின் அப்பா வருகிறார், சித்தப்பா வருகிறார். டீச்சர் இதை வாசித்துவிட்டு அவர்கள் எதிரில் "இது என்னது?" என்று கேட்டால் என்ன சொல்வது? பெண் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஊர் கேட்டால் என்ன சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பூக்கட்டிப் பழகிய விரல் எனக்கு. ஒவ்வொரு ஊசியாக எடுத்து, அடியில் இருந்த குப்பியையும் சீட்டையும் மட்டும் உருவி, ஊசியைக் கைக்கு வந்த இடத்தில் திருப்பிக் குத்தினேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். சீட்டுகளை அடுப்பில் போட்டேன். குப்பிகளை வைக்க இடம் தேடினேன். சமையலறைத் தட்டில் எவர்சில்வர் ஏலக்காய் டப்பா காலியாக இருந்தது. அதில் போட்டு மூடினேன். எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, அவர்கள் போன பிறகு மறுபடி கோத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

வந்தார்கள். தங்கை காபி கொடுத்து, வணங்கி, உள்ளே போய்விட்டாள். பெட்டிகளை நான்தான் கூடத்தில் திறந்து காட்டினேன். டீச்சர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் அப்பாவையும் சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைக்கூடத் தாழ்த்தாமல் கேட்டாள்:

"இந்த மாதிரிச் சின்னப் பூச்சியெல்லாம் ஆண் உறுப்பைப் பிரிச்சுப் பாத்தாத்தானே இனம் சொல்ல முடியும்? பிரிச்சதை எங்க வச்சிருக்காங்க?"

"அது காலேஜ்ல இருக்கு" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். யாருக்குப் பயந்து மறைத்தேனோ அவளே அதைக் காட்டு என்று கேட்டாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் நேரமாயிற்று என்று அவசரப்படுத்தினார். நான் வண்டியில் ஏறிவிட்டேன். டப்பாவை மறந்தேபோனேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மாவுக்கு சோமவார விரதம். தங்கை காலேஜ் திறப்பதற்கு முந்திய வேலைகளுக்காகக் காலையிலேயே போய்விட்டாள். அம்மா சாமிக்குப் பாயசம் வைத்து, கடையில் வாங்கிய ஏலக்காயைப் போட்டு வைக்க டப்பாவைத் திறந்திருக்கிறாள். உள்ளே எண்ணெய்ப் பசையோடு குப்பிகள், குப்பிக்குள் பூச்சித் துணுக்கு. நைவேத்தியம் செய்கிற அடுப்பங்கரையில். வேண்டியதாக இருந்தால் பெட்டியில் அல்லவா இருக்கும், டப்பாவில் போட்டிருக்கிறாள் என்றால் எறியத்தான் என்று அம்மா நினைத்தாள். புறவாசலில் ஓடுகிற வாய்க்காலில் டப்பாவோடு கொட்டினாள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மறுபடி பாயசம் வைத்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"ஏட்டி சீமதி, அந்தக் குப்பியெல்லாம் டப்பாவுல போட்டது நீதானா?"

"ஆமாம்மா. எடுத்துக் கோக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். ஏன்?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். "அவ பெட்டியத் தொறந்து பாத்துட்டு அலறுதா. நான்தான் உருவி வாய்க்கால்ல கொட்டுனேன்னு சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத."

"அம்மா, நான் இப்பவே வந்து சொல்லுதேன்."

"வேண்டாம்ட்டி. நான் இன்னும் எத்தன நாளைக்கு? எனக்கப்புறம் அவளுக்கு நீதான், உனக்கு அவதான். என் மேல கோவம்னா நாலு நாள்ல தணிஞ்சிரும். உன் மேல வந்துட்டுன்னா தணியாது. சொல்லாத. என் மேல சத்தியம்."

நான் கீழ்ப்படிந்தேன். அம்மா சொல் தட்டாத பிள்ளை என்று பெயரெடுக்க, அதைவிடச் சௌகரியமான சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததே இல்லை.

மறுநாள் நான் போனபோது தங்கை வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று டீ வடிகட்டியால் அரித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் இருட்டும்வரை அரித்தாளாம், விடிந்ததும் மறுபடி இறங்கிவிட்டாளாம். ஆவணித் தண்ணீர் வேகமாகப் போகிறது. பாலத்தில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்று குப்பி கிடைத்தது. மூன்றிலும் அடைப்பான் இல்லை, உள்ளே துணுக்கும் இல்லை. ஊசியில் இருக்கிற பூச்சிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றில் அந்த நாலும் எவை என்று சொல்ல இனி வழியில்லை. பெயருள்ள பூச்சியும் பெயரில்லாத பூச்சியும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றுபோல் உட்கார்ந்திருந்தன. பென்சிலில் கிறுக்கி வைத்த ஒரு படம் இருந்தது. பேராசிரியர், உறுப்பு இல்லாமல் படத்தை மட்டும் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார். அசல் இல்லாமல் நகல் செல்லாது. எனக்குப் பழக்கமான வாக்கியம்தான்.

வரனும் போயிற்று. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு வாரம் கழித்துச் சொல்லியனுப்பினார்கள்.

அம்மாவின் விரல்கள் வாதத்தில் கோணிப்போனவை. ஊசியில் நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுகிறவள். அந்த விரல்களால் நாற்பத்து மூன்று குப்பியை ஒரு பூச்சியின் காலும் உடையாமல் உருவ முடியுமா என்று, பூச்சிக் காலின் மயிரை எண்ணுகிறவளுக்குத் தோன்றவில்லை. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. அவளுக்கு அது தோன்றிவிடக் கூடாதே என்று நான் பயந்ததும் உண்மை. தோன்றிவிட்டால் தேவலை என்று சில நாள் வேண்டிக்கொண்டதும் உண்மை.

நாலு நாள் என்று அம்மா சொன்னது வருஷமாயிற்று. தங்கை சண்டை போடவில்லை. சாப்பிட்டாள், மருந்து வாங்கிக் கொடுத்தாள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் லீவு போட்டு ஈரத்துணி போட்டாள். வார்த்தை மட்டும் கிடையாது. எனக்குப் போன் பண்ணி, "மாத்திரை தீந்துட்டான்னு கேளுக்கா" என்பாள். நான் இவளை வைக்காமலே என் வீட்டுக்காரர் போனில் அம்மாவைக் கூப்பிடுவேன். அடுத்த அறையில் அம்மாவின் போன் அடிப்பது எனக்கு இவள் போனிலேயே கேட்கும். இந்தக் கூத்தைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

அடுத்த சாரலுக்கு அவள் ஐந்தருவிச் சாலைக்குப் போனபோது குமிழ மரம் இல்லை. சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டியிருந்தார்கள். செங்கோட்டை, வடகரை, புளியரை என்று கண்ணில் பட்ட குமிழ மரத்தையெல்லாம் இரண்டு வருஷம் தட்டினாள். பெயருள்ளதுதான் விழுந்தது. கடைசியில் அதை விட்டுவிட்டு மீதியை எழுதிக் கொடுத்தாள். முந்நூறு பக்கத்தில் அந்தப் பூச்சிக்கு ஒரு வரி: 'இனம் உறுதிசெய்யப்படவில்லை.'

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அன்று அம்மா காலையிலேயே குளித்து, அரக்குப் பட்டு கட்டி, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் போகலாம் என்று. தங்கை சாமி கும்பிட்டு, செருப்பை மாட்டி, பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் நேராகத் தேர்வு நடந்த இடத்துக்குப் போனேன். போட்டோவில் அவளுக்குப் பக்கத்தில் நான்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். சாயங்காலம் நான் இனிப்போடு போனபோதும் அம்மா பட்டுப் புடவையை மாற்றவில்லை. "அம்மா, இன்னைக்குச் சொல்லிருதேன்" என்றேன். "நல்ல நாளும் அதுவுமா அவ மனசைக் கெடுக்காத" என்றாள். அன்றைக்கும் நான் சொல்படி கேட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை அம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தாள். தங்கைதான் முதலில் பார்த்தாள். அவள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டதைப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் கேட்டது அன்றைக்குத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு, ஆட்டோக்காரர் ஒலி முகம்மது வந்தார். அம்மாவைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகிறவர். எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்:

"அக்கா, ஆச்சி சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. இனிமே சொன்னா என்ன? ரெண்டு வருசமா சாரல் நேரத்துல ஐந்தருவி ரோட்டுக்கு என்னக் கூட்டிட்டுப் போகும். குடையத் தலகீழாப் பிடிச்சுக்கிடும். என்னையக் கம்பால மரத்தத் தட்டச் சொல்லும். விழுந்தத ஒரு பாட்டில்ல போட்டுக்கிடும். எதுக்கு ஆச்சின்னு கேட்டேன். எம்மவ தொலைச்ச பொருள் ஒண்ணு இங்கனதான் இருக்கு, தேடுதேன்னு சொல்லிச்சு."

அம்மாவின் பீரோவில் பட்டுப் புடவைக்குப் பின்னால் அந்தப் பாட்டில் இருந்தது. பழைய தேன் பாட்டில். அடியில் காய்ந்து சுருண்ட பூச்சிகள், நடுவே காய்ந்த இலைகள். கொல்ல மனசு வராமல், பட்டினி கிடக்குமே என்று தின்ன இலையும் போட்டு வைத்திருக்கிறாள். எந்தப் பூச்சியை இராமலட்சுமி தேடுகிறாள் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு தடவை பார்த்தவள். அவளுக்கு விழுந்ததெல்லாம் அதுதான்.

தங்கை மேஜையில் வெள்ளைத் தாளை விரித்துப் பாட்டிலைக் கவிழ்த்தாள். தூரிகை முனையால் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இது வண்டு. இது தத்துப்பூச்சி. இது பருத்தியில வருத செவப்புப் பூச்சி. இதுவும் வண்டு. இது எறும்புக்கா, பாவம், எறும்பையும் விடல."

அறுபதுக்கு மேல் இருந்தது. தாளின் ஓரத்தில் தனியாக மூன்று நின்றது. "இது மூணும் மிரிட்" என்றாள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். குமிழில் வாழ்கிற மாதிரிதான் இருந்தது. இரண்டு பெண். ஒன்று ஆண். அது மட்டும் அதுவாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அம்மா தொலைத்ததை அம்மாவே கொண்டுவந்து கொடுத்ததாகிவிடும், நான் சொல்ல வேண்டியதுகூட இல்லை என்று என் புத்தி அப்போதும் கணக்குப் போட்டது.

ஊறவைத்து, பிரித்து, பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "இல்லக்கா. இடது கொக்கி நேரா இருக்கு. பழசுதான்" என்றாள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "நான் என்ன மக? பூச்சியத் தொட அருவருப்புப் படுத மனுசிய மழையில நிக்க வச்சிருக்கேன். ஒரு பூச்சிக்காக."

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. சொன்னேன். ரவிக்கை வாங்க அவள் போன நேரம், உருவிய குப்பிகள், எரித்த சீட்டுகள், ஏலக்காய் டப்பா, டீச்சர் கேட்ட கேள்வி, அம்மா வாங்கிய சத்தியம், எல்லாம். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"ஒரு வருசத்துலயே எனக்கு ஆறிப்போச்சுக்கா" என்றாள். "அதுக்கப்புறம் எப்படிப் பேச ஆரம்பிக்கதுன்னு தெரியல. தெனமும் காலையில இன்னைக்குப் பேசிருவோம்னு எந்திப்பேன். என்ன சொல்லி ஆரம்பிக்க? ரெண்டு வருசமா அம்மாவும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா, நானும் சாக்குத் தேடிக்கிட்டு இருந்தேன். நீ இதச் சொல்லியிருந்தா, அதச் சாக்கா வச்சு அம்மான்னு கூப்பிட்டிருப்பேன்லா."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அந்த மூன்று பூச்சிகளையும் அட்டை முனையில் ஒட்டி ஊசியில் குத்த ஆரம்பித்தாள். எனக்கு அன்று கடைசி பஸ் ஏழரைக்கு. அதுவரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.